கோத்தகிரிப் பாதையில் ஒரு காட்டு மாடும் என் சைக்கிள் மணியும்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டப் பாதைகளிலும் சோலைக்காட்டு ஓரங்களிலும் ஆறு ஆண்டுகளாக மலை சைக்கிள் ஓட்டி வருகிறேன். எந்தப் பாதை நல்லது, எந்த மாதத்தில் வரலாம், எந்த டயர் தாங்கும் என்று கேட்ட நண்பர்களுக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பாகச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை, ஒரு ஜனவரி மாதக் காலையில்தான் நானே கற்றுக்கொண்டேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நீலகிரியின் கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கோத்தகிரி. மேற்கே 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவும் அதை ஒட்டிய மலைகளும் மறித்து நிற்பதால், ஜூன் முதல் ஆகஸ்டு வரை கூடலூரும் அவலாஞ்சியும் தென்மேற்குப் பருவமழையில் ஊறிக் கிடக்கும் நாட்களிலும் இங்கே ஓரளவு காய்ந்த பாதைகள் கிடைக்கும். இங்கு பெருமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவத்தில்தான். அந்த மாதங்களில் செம்மண் டயரில் பிசின்போல ஒட்டிக்கொண்டு சக்கரத்தையே சுழலவிடாது. மண்சரிவும் உண்டு, அட்டையும் உண்டு. அப்போது வர வேண்டாம் என்றே எல்லோரிடமும் சொல்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனை வரையிலான சுமார் 18 கிலோமீட்டர் தார்ச்சாலை பலருக்கும் தெரிந்ததுதான். முனையில் நின்றால் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கும், அதன் கரையில் தெங்குமரகடாவும் தெரியும். எனக்குப் பிடித்தவை அந்தச் சாலையிலிருந்து பிரிந்து இறங்கும் தோட்டத்து மண்பாதைகள். அவை தனியார் நிலம் என்பதால், ஒவ்வொரு முறையும் தோட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொண்டுதான் இறங்குகிறேன். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். லாங்வுட் சோலை போன்ற இடத்தில் அது குற்றம் மட்டுமன்று, பாவமும்கூட. 116 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சிறிய காடுதான் சுற்றியுள்ள பல ஊர்களுக்குக் குடிநீர் தருகிறது. 2024-இல் அது ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதன் ஓரச் சாலையில் சைக்கிளை மெதுவாக மிதித்துச் சென்றாலே போதும். வெயிலிலிருந்து சோலையின் நிழலுக்குள் திரும்பும் அந்த ஒரு கணத்தில், யாரோ ஈரத்துணியை முகத்தில் போர்த்தியதுபோல் குளிர் வந்து படியும்.

அன்று காலை ஏழு மணி இருக்கும். நண்பர் ஒருவர் பின்னால் வர, ஒரு தோட்டத்துப் பாதையில் நான் முன்னே இறங்கிக்கொண்டிருந்தேன். இருபுறமும் சில்வர் ஓக் மரங்கள். உதிர்ந்த இலைகள் பாதை முழுவதும் மெத்தைபோலக் கிடந்தன. பனியில் நனைந்த இலையின் மீது அகலமான டயர் உருளும்போது ஓசையே எழாது. முந்தைய வாரம்தான் பின்சக்கரத்தின் நடுப்பகுதியைக் கழற்றிப் புதிய கிரீஸ் வைத்திருந்ததால், மிதிக்காமல் இறங்கும்போது வழக்கமாகக் கேட்கும் கடகடப்பும் அடங்கியிருந்தது. இத்தனை அமைதியாகச் சைக்கிள் ஓடுகிறதே என்று மனம் நிறைந்து இறங்கினேன். அந்த நிறைவே தவறு என்பது அடுத்த வளைவில் தெரிந்தது.

வளைவைத் திரும்பியதும் பத்தடி தூரத்தில் காட்டு மாடு ஒன்று நின்றது. செய்தித்தாள்கள் காட்டெருமை என்று எழுதுகின்றன. ஆனால் அது எருமை இனமன்று, மாட்டினம். சங்கப் பாடல்கள் ஆமா என்று சொல்வதும் இதைத்தான். நன்கு வளர்ந்த ஆண் ஆயிரம் கிலோ எடை வரை இருக்கும். என் முன் நின்றது பசு. அதன் வயிற்றுக்குப் பின்னால், இன்னும் கருக்காத பொன்பழுப்பு நிறத்தில் ஒரு கன்று. இரண்டு பிரேக்குகளையும் ஒருசேரப் பிடித்தேன். பனி படிந்த வட்டத் தகடுகள் கிறீச்சிட்டன. அதுவரை என்னைக் கவனியாதிருந்த பசு அந்த ஓசைக்குத் தூக்கிவாரிப்போட்டதுபோல் திரும்பியது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை அணிந்ததுபோல் இருக்கும் அதன் கால்களில் சேறு காய்ந்திருந்ததும், மூக்கிலிருந்து வெண்புகையாக மூச்சு வெளிவந்ததும் இன்றைக்கும் அப்படியே கண்முன் நிற்கின்றன.

அது உடம்பை முழுவதுமாகப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டி, ஒருமுறை உரக்கச் சீறியது. தன் உருவத்தைக் காட்டி எச்சரிப்பது அதன் வழக்கம் என்று அறிந்திருந்தேன். அறிந்திருப்பது வேறு, அதன் எதிரே நிற்பது வேறு. சைக்கிளிலிருந்து மெல்ல இறங்கி, எனக்கும் அதற்கும் நடுவில் சைக்கிள் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, முதுகைத் திருப்பாமல் அடிமேல் அடியாகப் பின்வாங்கினேன். நண்பரிடம் கையை மட்டும் அசைத்து நிற்கச் சொன்னேன். வளைவுக்கு மேலே இருவரும் இருபது நிமிடங்கள் நின்றோம். கன்று முதலில் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கியது. அதன் பின்னாலேயே பசுவும் போனது.

கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் சிலர் அப்போது அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களில் மூத்தவர் 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்தவர். நடந்ததைச் சொன்னதும் அவர் என் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல மணி இல்லையா தம்பி?"

"இல்லைங்கம்மா. இந்த மாதிரி சைக்கிளுக்கு யாரும் மணி வைக்கிறதில்லை."

"நாங்க காலையில வர்றப்போ சத்தமா பேசிக்கிட்டேதான் வருவோம். திருப்பத்துக்கு முன்னாலயே ஒரு குரல் குடுப்போம். குரல் கேட்டா அது தானா விலகிப் போயிரும். நீங்க சொல்லாம கொள்ளாம வந்து நின்னா, அது என்ன பண்ணும், பாவம்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. லாரி வந்தால் அரை கிலோமீட்டருக்கு முன்பே தெரியும். நடந்து வருபவரின் வேகத்துக்கு விலங்கு விலக நேரம் இருக்கும். சைக்கிள் மட்டுமே ஓடுகிறவனின் வேகத்தோடும் பூனையின் அமைதியோடும் வந்து நிற்கிறது. காட்டின் அமைதியைக் குலைக்காத வாகனம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் குணமே, இறக்கத்தில் விலங்குக்கும் நமக்கும் ஆபத்தாக முடிகிறது.

கரடி விஷயத்தில் இது இன்னும் கடுமை. கோத்தகிரிப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளும் ஊர்களுக்குள்ளும் கரடி வருவது வழக்கமான செய்தி. அதன் கண்பார்வை கூர்மையானதன்று. புற்றைத் தோண்டிக் கரையானை உறிஞ்சத் தொடங்கிவிட்டால், அந்த ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அதற்கு நம் ஓசை கேட்காது. கிட்டத்தில் திடுக்கிட்ட கரடி ஓடுவதைவிடப் பாய்வதே அதிகம். அதனால்தான் மாலை ஐந்து மணிக்குப் பிறகு மண்பாதையில் இறங்குவதை விட்டுவிட்டேன். வழியிலுள்ள ஹட்டிகளில், அதாவது நீலகிரியின் படகர் மக்கள் வாழும் ஊர்களில், பெரியவர்கள் யாராவது "இந்நேரத்துக்கு அந்தப் பக்கம் போகாதீங்க" என்று சொன்னால், மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுவேன்.

மறுநாளே கோத்தகிரிக் கடைவீதியில், பால்காரர்களின் சைக்கிளில் இருக்குமே, அந்தப் பழைய கிண்ண மணி ஒன்றை வாங்கி மாட்டினேன். இடது கைப்பிடியில், பிரேக்கிலிருந்து விரல்களை எடுக்காமலேயே கட்டைவிரலால் தட்டும்படி பொருத்தியிருக்கிறேன். அதற்காகக் கியர் விசையை ஒரு விரற்கடை உள்ளே தள்ள வேண்டியிருந்தது. வளைவில் நுழைந்த பின் அடிப்பதில் பயனில்லை. முப்பது, நாற்பது மீட்டருக்கு முன்பே இரண்டு முறை அடித்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, வளைவின் வெளிவிளிம்பை ஒட்டிப் போக வேண்டும். அப்போதுதான் எதிர்ப்பக்கம் சீக்கிரம் கண்ணில் படும். இருவராகப் போனால் நடுவில் இருபது மீட்டராவது இடைவெளி வேண்டும். காதில் பாட்டு கூடவே கூடாது. சீறலோ, செடி முறியும் ஓசையோ நமக்கும் கேட்டாக வேண்டும்.

சென்ற வாரம் அதே பாதையில் இறங்கினேன். அந்த வளைவுக்கு முன்னால் இரண்டு முறை மணியடித்தேன். தேயிலைச் செடிகளுக்கு மேலே, முகம் தெரியாத தூரத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "ஒண்ணும் இல்ல தம்பி, வாங்க!"