ஒரு ராத்திரி கேம்பிங்: பின் கேரியரா, சீட் பையா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி, மலேசியாவின் பினாங்குத் தீவுல ஜார்ஜ்டவுன், பத்து ஃபிரிங்கி, தெலுக் பஹாங் வழியா பாலிக் புலாவ் பக்கம் ஒரு ராத்திரி தங்கிட்டு வரணும். அலுமினிய மவுண்டன் பைக், சின்ன ஃபிரேம், டிஸ்க் பிரேக். சாமான் 8 கிலோ: கூடாரம் 2, தண்ணீர் 3 லிட்டர், மீதி பாய், துணி, அடுப்பு. சீட்டுக்குப் பின்னால கட்டுற நீளப் பை போதுமா, கேரியர் வாங்கணுமா?

பதில் 1: முதல்ல சீட்டுக்கு அடியிலிருந்து டயர் வரைக்கும் அளந்து பாருங்க. 20 செ.மீ.க்குக் குறைவுன்னா சீட் பையை மறந்துடுங்க. சாமான் ஏத்தினதும் தொங்கும், குழியில டயர் உரசிக் கிழிச்சிடும். சின்ன ஃபிரேம்ல பெரும்பாலும் அந்த இடம் இருக்காது.

கேரியர்னா, பின் அச்சுக்கு மேல திருகு ஓட்டை இருக்கான்னு பாருங்க. பொதுவா எம்5 (5 மி.மீ. தடிமன்) திருகுதான். பிரேக் காலிப்பர் (டிஸ்கைக் கவ்வுற பாகம்) கேரியர் காலை முட்டுற இடத்துல இருந்தா, டிஸ்க் பிரேக்குக்குன்னே கால் விலகி வர்ற மாடல் வேணும். செயின் பக்கத் திருகு நீளமா இருந்தா உள்பக்கம் நீட்டிக்கிட்டு, சின்ன கியருக்கு மாத்தும்போது செயின் அதுல சிக்கும். சரியான நீளத்துல போடுங்க. திருகு கழலாம இருக்க நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு, முதல் 20 கி.மீ. ஓடினதும் மறுபடி இறுக்கிப் பாருங்க. கேரியர் உடையறதை விட திருகு கழண்டு விழறதுதான் அதிகம்.

பதில் 2: கேரியர் சரி. ஆனா அதோட ரெண்டு பக்கமும் தொங்கவிட 20 லிட்டர் பை ரெண்டு வாங்காதீங்க அண்ணே, இடம் இருந்தா சாமானும் கூடும். பக்கத்துக்கு 12 லிட்டர் போதும், சின்னப் பை குதிகால்லயும் இடிக்காது.

எல்லாத்தையும் பின்னால ஏத்தினா தெலுக் பஹாங் அணை தாண்டின ஏத்தத்துல முன் சக்கரம் லேசாகி ஆடும். கூடாரத் துணியை ஹேண்டில்பார்ல கட்டுங்க, கம்பியைப் பின்னால வைங்க. பிரேக் கேபிள் மடங்கக்கூடாது. ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பிப் பாருங்க. தண்ணீர்தான் உங்க சாமான்லயே கனம், அதை ஃபிரேமுக்குள்ள பாட்டில் கேஜ்ல, முடிஞ்ச அளவு கீழே வைங்க.

பதில் 3: கொக்கி வெச்ச ரப்பர் கயிறு வேண்டாம். கொக்கி நழுவி சக்கரக் கம்பியில மாட்டினா பின் சக்கரமே பூட்டிக்கும். பக்கிள் வார் வாங்குங்க, மிச்ச நுனியைச் சுருட்டிச் செருகுங்க. நம்ம ஊர் மழைக்கு "வாட்டர்புரூஃப்"னு எழுதியிருக்கிறதை நம்பாம, துணியைத் தடிச்ச குப்பைப் பையில முடிஞ்சு உள்ள வைங்க. திரும்பும்போதும் ஃபெர்ரிதான், பினாங்குப் பாலத்துல சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

கேள்வி கேட்டவர்: அளந்தேன், 14 செ.மீ.தான். கேரியரே வாங்குறேன்.