பூச்சியில மட்டும் ஏன் இத்தனை வகை? (அரிசி டிரம்முல ஆரம்பிச்ச கேள்வி)

முறம்_மீனா:
போன மாசம் வாங்கின 25 கிலோ பொன்னி. எவர்சில்வர் டிரம், இறுக்கமான மூடி. நேத்து திறந்தா விளிம்பு முழுக்க கூன்வண்டு ஊருது. முறத்துல போட்டுப் புடைச்சுக்கிட்டிருந்தேன். ஒன்பதாவது படிக்கிற மக பக்கத்துல உட்கார்ந்து, "பேர் வெச்ச பூச்சியே 10 லட்சம் வகையாம், பாலூட்டி 6,000 சொச்சம்தானாம், ஏம்மா?"ன்னு கேட்டா. நிறைய முட்டை போடும்ல, அதான்னேன். "மீனும்தான் லட்சக்கணக்குல போடுது"ன்னுட்டா. வாயடைச்சுப் போச்சு. தெரிஞ்சவங்க சொல்லுங்க. அப்படியே மூடின டிரம்முக்குள்ள வண்டு எப்படி வந்துச்சுன்னும்.

தட்டான்பிடி:
காய்ஞ்ச மிளகாய் நாலு போட்டு வைங்க அக்கா. மகளுக்குப் பதில்: இறக்கை. 32 கோடி வருஷத்துக்கு முன்னாடியே பூச்சி பறந்தாச்சு. அப்புறம் சுமார் 10 கோடி வருஷம் ஆகாயத்துல வேற ஆளே இல்ல.

கம்புக்காரர்:
வண்டு வெளியில இருந்து வரலம்மா, அரிசியோடவே வந்தது. தாய் வண்டு மூக்கு நுனியில இருக்கிற வாயால அரிசியில குழி தோண்டி, ஒரு முட்டை வெச்சு, பசை மாதிரி ஒன்னால அடைச்சுடும். கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. புழு உள்ளேயே தின்னு, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, ஒரு மாசம் போல ஆனதும் ஓட்டை போட்டு வெளிய வரும். ஒரு கை அரிசியைத் தண்ணியில போடுங்க, மிதக்கிறதை நகத்தால உடைங்க. காலே இல்லாத வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும்.

மக கேட்டது சரியான கேள்வி. முட்டை நிறைய போட்டா ஆள்தான் கூடும், வகை கூடாது. வகை கூடணும்னா ஒவ்வொன்னுக்கும் தனி இடம், தனிப் பிழைப்பு வேணும்.

நான் 11 வருஷம், பயிரைக் கெடுக்கிற பூச்சியை அழிக்க ஒட்டுண்ணி வளர்க்கிற ஆய்வகத்துல வேலை பார்த்தவன். உடைச்ச கம்புல அரிசி அந்துப்பூச்சியை வளர்த்து, அதோட முட்டையைச் சலிச்சு, புற ஊதா விளக்குல காட்டி, அட்டையில ஒட்டி, மத்த பூச்சி முட்டைக்குள்ள தன் முட்டையை வைக்கிற டிரைக்கோகிரம்மாங்கிற பொடிக் குளவிகிட்ட விடுவோம். கரும்புல தண்டைத் துளைக்கிற இடைக்கணுப்புழுவை ஒழிக்கக் கட்டுற அட்டை அதான். அந்து அள்ளுறப்போ செதில் பறந்து மூக்குல ஏறும். வேலையை விட்டும் தும்மல் என்னை விடல. அந்த முட்டை ரவைப் பொடி அளவுதான். அதுக்குள்ள ஒரு குளவி புழுவா இருந்து, கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைச்சு, எட்டாம் நாள் ஓட்டை போட்டு வெளிய வரும். அவ்வளவு சின்ன உடம்புக்கு ஒரு முட்டையே போதும், அது ஒரு வீடு. உங்க டிரம்மையே எடுத்துக்குங்க. முழு அரிசி கூன்வண்டுக்கு, குருணையும் மாவும் சிவப்பு மாவு வண்டுக்கு, நூலால அரிசியைக் கட்டித் தின்கிறது அந்து. கூன்வண்டுப் புழுவை அரிசிக்குள்ளேயே தேடிப்பிடிச்சு முட்டை வைக்கிற குளவியும் உண்டு.

அடுத்தது உருமாற்றம். 100 வகையில 80க்கு மேல புழு, கூட்டுப்புழுன்னு மாறி வர்ற சாதி. பிள்ளையும் பெத்தவங்களும் ஒரே தட்டுல கை வைக்கிறதில்ல.

வெட்டுக்கிளி77:
ஐயா, இடிக்குதே. கூன்வண்டு பெருசும் சிறுசும் ஒரே அரிசியைத்தானே தின்னுது?

கம்புக்காரர்:
பிடிச்சுட்டீங்க தம்பி. எல்லாத்துக்கும் பொதுவா அப்படிச் சொன்னது தப்பு. பயறு வண்டைச் சொல்லியிருக்கணும். பாசிப்பயறு மேல வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கும் பாருங்க, அது முட்டை. புழுவா இருக்கிறப்போ தின்னதோட சரி. வண்டானதும் சோறே வேணாம், ஒன்னு ரெண்டு வாரத்துல முட்டை போட்டுட்டுப் போயிடும்.

ஆனா கூன்வண்டுக்கு வேற பலம், மூக்கு. விதை, மொட்டு, தண்டு எதுலயும் துளை போட்டு முட்டையைப் பத்திரமா உள்ள வெச்சுடலாம். செடி எத்தனை வகையோ அத்தனைக்கு ஏத்த மூக்கு. அந்தக் குடும்பத்துல மட்டும் 50,000 வகைக்கு மேல.

தட்டான்பிடி சொன்ன இறக்கையிலயும் ஒன்னு சேர்க்கணும். தட்டானுக்கு இறக்கையை முதுகு மேல மடிச்சு வைக்கத் தெரியாது, மூட்டைக்குள்ள நுழைஞ்சா கிழிஞ்சுடும். வண்டுக்கு முன்னிறகு ரெண்டும் ஓடா இறுகி, பறக்கிற இறக்கை அதுக்கடியில மடிஞ்சு கிடக்கும். 50 கிலோ அரிசிக்கு நடுவுல நெருக்கித் தள்ளிப் போனாலும் ஒன்னும் ஆகாது. வண்டுல மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் வகைன்னா இந்த ஓட்டுக்கும் அதுல பங்கு இருக்கு.

முறம்_மீனா:
தண்ணியில போட்டோம் ஐயா. 14 மிதந்துச்சு. மூணுல புழு. ஒன்னுல புழுவும் இல்லாம வண்டும் இல்லாம வெள்ளையா ஒன்னு, மூக்கு வயித்துப் பக்கம் மடிஞ்சு, காலெல்லாம் ஒட்டி இருந்துச்சு. அதை மக தீப்பெட்டியில பஞ்சு வெச்சுப் பூட்டி வெச்சிருக்கா. மிச்ச அரிசி மாடியில வெயில்ல கிடக்கு. ராத்திரி சோறு வேணாம்னுட்டா, தோசை ஊத்தினேன். அதுவும் அரிசிதான்னு நான் சொல்லல.