பொருள்: ரியல் வேர்ல்டு டேட்டா, ரியல் வேர்ல்டு எவிடன்ஸ் – தமிழில்?

நாகர்கோவில், மருந்தியல் ஆசிரியை:
வணக்கம். திங்கட்கிழமை வகுப்புக்குத் தமிழில் குறிப்பு வேண்டும். மருந்துச் சோதனைக்கு வெளியே, வழக்கமான சிகிச்சையின்போதே சேரும் விவரம்தான் இந்த டேட்டா: மருத்துவமனைப் பதிவேடு, காப்பீட்டுக் கோரிக்கை, நோய்ப் பதிவகம். அதை அலசிப் பெறுவது எவிடன்ஸ். பால்போசைக்ளிப் மருந்தை ஆண்களின் மார்பகப் புற்றுநோய்க்கும் 2019-இல் அமெரிக்க மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது இத்தகைய பதிவுகளைக் கொண்டுதான். ஆண்களுக்கு அந்நோய் அரிது. சோதனைக்கு ஆள் சேர்ப்பது கடினம். 'மெய்யுலகத் தரவு' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

தக்கலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
டீச்சர், இது மெய்யுலகம் என்றால் சோதனை பொய்யுலகமா? 'நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்' என்று தொல்காப்பியம் அன்றே பிரித்துவிட்டது. ஆள் தேர்ந்து, வேளை குறித்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை கொடுத்து நடத்துவது நாடக வழக்கு. மற்றது உலகியல். ஆகவே உலகியல் தரவு, உலகியல் சான்று. அந்த நூல் அரங்கேறியபோது கேட்டிருந்த அதங்கோட்டு ஆசான் நம் விளவங்கோட்டுப் பக்கத்து அதங்கோட்டுக்காரர் என்றே நாங்கள் சொல்லி வருகிறோம். தரவு என்பதும் கலிப்பாவின் முதல் உறுப்பு. தாழிசை, சுரிதகம் எல்லாம் அப்புறம்தான்.

மார்த்தாண்டம், மருந்துக்கடைக்காரர்:
சாரே, உலகியல் என்றால் ஆன்மிகத்துக்கு எதிர்ப்பதம் என்றுதான் எடுப்பார்கள். சான்று என்றால் சாதிச் சான்று, வருமானச் சான்று. மெட்பார்மின் சீட்டில் இரண்டு வேளை. ஆள் ஒரு வேளை போட்டு, சர்க்கரை குறைந்ததும் நிறுத்திவிடுவார். இதெல்லாம் நடப்பு. 'நடப்புத் தரவு' போடுங்கள்.

ஆசாரிபள்ளம், பயிற்சி மருத்துவர்:
அண்ணே, நடப்பு ஆண்டு மாதிரி 'இப்போதைய' என்று ஆகிவிடும். எனக்கு 'மெய்' மேல்தான் பயம். காப்பீட்டுக் கோரிக்கை பணத்துக்காக எழுதப்பட்டது. நோயின் தீவிரம் பல நேரம் அதில் இருக்காது. வீரியமான மருந்தை நோய் முற்றியவருக்கே கொடுக்கிறோம். பதிவை மட்டும் பார்த்தால் மருந்துதான் ஆளைக் கொன்றது போலத் தெரியும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே பிரஷர் மாத்திரை கொண்டுபோகிறது. கொடுத்ததை எழுதலாம், விழுங்கினாரா என்று யார் எழுதுவது? இதற்கு 'மெய்' என்று பட்டம் கட்டினால் படிப்பவர் கேள்வி கேட்கமாட்டார். 'நடைமுறைத் தரவு' போதும்.

தக்கலை:
தம்பி, அரசாணையில் 'நடைமுறைகள்' என்றால் பின்பற்ற வேண்டிய விதி. நீங்கள் சொல்வதோ விதிக்கு அடங்காதது! சான்றையும் விட்டுவிடாதீர்கள். சால் என்ற வேரிலிருந்து சான்றோர், சால்பு...

நாகர்கோவில்:
ஐயா, சுரிதகம் வருவதற்குள் என் வகுப்பே முடிந்துவிடும். மருந்துக்கடை அண்ணன் சொன்னதற்காகச் சான்றை விட்டுவிடுகிறேன். நடைமுறைத் தரவு, நடைமுறை ஆதாரம். அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன்.

மார்த்தாண்டம்:
எனக்குச் சம்மதம். நடப்பு இன்னும் நல்லது.

தக்கலை:
ஆதாரம் வடசொல். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அடிக்குறிப்பிலாவது 'உலகியல் சான்று' இருக்கட்டும். சால் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஆசாரிபள்ளம்:
நாளை எனக்கு நைட் டியூட்டி, சார்.