பெங்களூரில் பழைய மோட்டார்ஹோம் வாங்கி சென்னைக்குக் கொண்டுவருவது: பேப்பர் வேலை எப்படி?

தண்டையார்பேட்டை மணி:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அம்மாவுக்குச் சர்க்கரையும் முட்டிவலியும். இரண்டு பேரையும் கும்பகோணம், ராமேஸ்வரம், திருச்செந்தூர் என்று நிதானமாகக் கூட்டிப்போக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. காரில் போனால் அம்மாவுக்கு நெடுஞ்சாலையில் கழிவறை தேடுவதே பெரும்பாடு, அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார். அதனால்தான் படுக்கையும் கழிவறையும் உள்ள வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கலாம் என்று பார்க்கிறேன்.

பெங்களூரில் ஒருவர் 2017 மாடல் டிராவலர் வண்டியை மோட்டார்ஹோமாக மாற்றி வைத்திருக்கிறார், கர்நாடகா நம்பர், 14 லட்சம் சொல்கிறார். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம் இங்கிலாந்தில் இருக்கிற மச்சான், அங்கே பழைய மோட்டார்ஹோம் நிறைய கிடைக்கிறது, ஸ்டீயரிங்கும் நம்மைப் போல வலது பக்கம்தான், கப்பலில் ஏற்றினால் சென்னை துறைமுகத்திலேயே வந்து இறங்கிவிடும் என்கிறார். துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் அந்த ஆசையும் விடவில்லை. எது நடக்கிற காரியம்? பெங்களூர் வண்டி என்றால் நம் ஊர் நம்பருக்கு மாற்ற என்னென்ன செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாரிமுனை ரவி:

கப்பல் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நான் பாரிமுனையில், துறைமுகச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஆபீஸில் இருக்கிறேன், இந்தக் கேள்வி அடிக்கடி வருவதுதான்.

பழைய வண்டி சென்னையில் இறங்க முடியாது. எண்ணூரிலும் முடியாது. புது வண்டிக்குப் பல துறைமுகங்களில் அனுமதி உண்டு, பழைய வண்டிக்கு மும்பை ஒன்றுதான். அதுவும் தயாரித்த தேதியிலிருந்து 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, இறக்குமதி செய்த நாளிலிருந்து 5 வருஷமாவது சாலையில் ஓடத் தகுதியானது என்று சான்று வேண்டும், ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் இருக்க வேண்டும் (இங்கிலாந்து வண்டியில் மைல்), ஹெட்லைட் நம் சாலை முறைக்குப் பொருந்த வேண்டும். இறங்கிய பிறகு இங்குள்ள சோதனை நிறுவனத்திலும் காட்டியாக வேண்டும். உங்கள் மச்சான் சொல்கிற மலிவு விலை வண்டியெல்லாம் பத்து, பதினைந்து வருஷம் ஓடியதாகத்தான் இருக்கும், ஆக முதல் நிபந்தனையிலேயே அடிபட்டுவிடும். 3 வருஷத்துக்குள் உள்ள வண்டியாகவே வாங்கினாலும் சுங்க வரி, அதன்மேல் ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து வண்டி விலையைத் தாண்டிப் போகும். வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடித்தனத்தோடு திரும்பி வருகிறவர்களுக்குச் சலுகை உண்டே என்று மச்சான் கேட்கலாம். அது வீட்டுச் சாமானுக்கு, வண்டிக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரம், பாண்டிச்சேரி பக்கம் வெளிநாட்டு நம்பரோடு பெரிய பெரிய கேம்பர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை கார்னே என்ற பத்திரத்தின் மேல் தற்காலிகமாக வரி கட்டாமல் வருபவை, அதிகபட்சம் 6 மாதம் இருக்கலாம், பிறகு நாட்டை விட்டு வெளியே போயே ஆக வேண்டும். அப்படி வந்த ஒருவர் "இங்கேயே விற்றுவிட்டுப் போகிறேன், குறைந்த விலைக்குத் தருகிறேன்" என்றால் பக்கத்திலேயே போகாதீர்கள். வரி கட்டாத வண்டி, சுங்கத்துறை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும், ஆர்.டி.ஓ.விலும் உங்கள் பேருக்குப் பதிவு ஆகாது. பெங்களூர் வண்டியைப் பாருங்கள், அதுதான் நடக்கும்.

வியாசர்பாடி செல்வம்:

மணி தம்பி, ரவி சார் சொன்னது சரி. பெங்களூர் வண்டியைப் பற்றி நான் சொல்கிறேன், எங்களுடையதும் வெளிமாநிலத்தில் வாங்கி இங்கே மாற்றியதுதான்.

விலை, மெத்தை, ஏ.சி. எல்லாம் அப்புறம். முதலில் ஆர்.சி.யில் வண்டி வகை என்று என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். விற்பவரிடம் வண்டி நம்பரை வாங்கி நீங்களே எம்பரிவாஹன் செயலியில் போட்டுப் பார்க்கலாம். அங்கே மோட்டார் காரவன் அல்லது கேம்பர் வேன், தனியார் பயன்பாடு என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆம்னி பஸ் (நிறைய பேர் உட்காரும் வேனுக்கும் ஆர்.சி.யில் இந்தப் பெயர்தான்) என்று இருந்தால் யோசிக்க வேண்டும். டிராவலர் வண்டியை 12 சீட், 17 சீட் என்று வாங்கி, சீட்டைக் கழற்றிவிட்டு உள்ளே கட்டில், சமையல் மேடை, கழிவறை எல்லாம் வைத்து, ஆர்.சி.யில் ஒன்றையும் மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் நிறைய. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது, அனுமதி உள்ள மாற்றமாக இருந்தாலும் ஆர்.சி.யில் ஏற வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. பெங்களூரில் இத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லையே என்பார்கள். கேட்காமல் இருக்கலாம், ஆனால் நீங்கள் மாநிலம் மாற்றும்போது வண்டியை நேரில் கொண்டுபோய் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தியாக வேண்டும். சேஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள், கதவைத் திறந்து உள்ளே சீட்டை எண்ணுவார்கள். ஆர்.சி.யில் 12, உள்ளே 4 என்றால் அங்கேயே நின்றுவிடும்.

இப்போது பேப்பர். கர்நாடகாவில் விற்பவர் படிவம் 28-ல் என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, வாங்க வேண்டும். பாக்கி அபராதம், வரி பாக்கி, வங்கிக் கடன் எது இருந்தாலும் அது வராது. கடன் இருந்திருந்தால் வங்கிக் கடிதமும், கடன் முடிந்ததற்கான படிவம் 35-ம் கேளுங்கள், "கடன் எப்போதோ முடிஞ்சிடுச்சு" என்ற வாய்ப்பேச்சு போதாது. ஆர்.சி.யிலிருந்து வங்கி பெயர் நீங்கியிருக்க வேண்டும். என்.ஓ.சி.யில் எந்த ஆர்.டி.ஓ.வுக்குப் போகிறது என்று எழுதுவார்கள், அது உங்கள் முகவரிக்கு உரியதாக இருக்க வேண்டும். உங்களுக்கு டி.என். 03 வரும் என்று நினைக்கிறேன், எங்களுக்கு 05. செங்குன்றம் 18 என்று மாற்றி எழுதிவிட்டால் திரும்ப பெங்களூர் அலைச்சல். அப்புறம் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்தை உங்கள் கண் முன்னாலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே வந்து படிவம் 27-ல் புது நம்பருக்கு விண்ணப்பம், கூடவே பெயர் மாற்றம், தமிழ்நாட்டு வரி. வரி வண்டி வகையைப் பொறுத்தது, அதனால் வாங்குவதற்கு முன்பே ஆர்.சி. நகலை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். புரோக்கர் சொல்கிற தொகையை நம்பி பட்ஜெட் போட வேண்டாம். கர்நாடகாவில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கு உரியதை அங்கே விண்ணப்பித்துத் திரும்பப் பெற வழி உண்டு, அந்தப் பணம் யாருக்கு என்பதை விலை பேசும்போதே எழுதி வையுங்கள். பிறகு சண்டை வருவதே அங்கேதான்.

12 மாதம் வரைக்கும் கர்நாடகா நம்பரிலேயே ஓட்டலாம் என்று பலர் சொல்வார்கள். அது வண்டியின் சொந்தக்காரர் வேறு மாநிலம் போய்த் தங்குவதற்கான கணக்கு. நீங்கள் விலைக்கு வாங்குகிறீர்கள், வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குப் பதிய வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். அது மாறாமல் வழியில் ஏதாவது இடித்துவிட்டால் வண்டிச் சேதத்துக்கு ஒரு ரூபாய் கிடைப்பது கஷ்டம்.

எர்ணாவூர் தேவி:

பேப்பர் பற்றி அண்ணன் விவரமாகச் சொல்லிவிட்டார். நான் வண்டிக்குள்ளே பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன், அப்பா அம்மா தூங்கப் போகிற இடம் என்பதால் அழுத்தியே சொல்கிறேன்.

ஜெனரேட்டர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரை பக்கம் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்களே, காரணம் ஜெனரேட்டர் புகை. கார்பன் மோனாக்சைடு தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. பழைய வண்டியில் ஒயர் இழுக்க, குழாய் விட என்று தரையில் துளை போட்டுக்கொண்டே இருப்பார்கள், அடைக்க மாட்டார்கள். வண்டிக்கு அடியில் ஒருவர் டார்ச் அடிக்க, உள்ளே விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் புகையும் வரும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது, வண்டி வாங்கிய அன்றே அதையும் வாங்கி மாட்டுங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது யாரும் உள்ளே தூங்கக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கேஸ் சிலிண்டரும் அப்படித்தான். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில்வே யார்டில் நின்ற சுற்றுலாப் பெட்டியில் சிலிண்டர் வைத்து டீ போட்டு, 9 பேர் உயிர் போனது மறந்திருக்காது. உள்ளே வீட்டு சிலிண்டர் வைத்திருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன இண்டக்‌ஷன் அடுப்பு போதும், இல்லையென்றால் வெளியே இறங்கிச் சமைக்கலாம்.

அப்புறம் கழிவறைப் பக்கத்துத் தரை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் அழுத்தி நடந்து பாருங்கள், பிளைவுட் அமுங்கினால் அடியில் தண்ணீர் இறங்கி ஊறிப்போயிருக்கிறது என்று அர்த்தம். மேலே வினைல் பளபளவென்று புதிதாக ஒட்டியிருந்தால் இன்னும் சந்தேகப்பட வேண்டும். கூரையில் ஏ.சி. உட்காரும் விளிம்பைச் சுற்றி உள்பக்கம் மஞ்சள் கறை இருக்கிறதா பாருங்கள். படுக்கைக்கு அடியில் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி வைத்திருந்தால் அது சார்ஜ் ஆகும்போது வாயு விடும், மூடிய இடத்தில் அது கூடாது, வெளியே காற்றுப் போக வழி இருக்க வேண்டும். டயரில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ல் 23-வது வாரம் செய்தது. இந்த மாதிரி வண்டிகள் நின்றபடியே இருப்பதால் பட்டன் தேயாது, ஆனால் ரப்பர் வெடித்திருக்கும்.

அம்மாவுக்கு முட்டிவலி என்றீர்கள். ஏறும் படியின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள், கழிவறைக்குள் கைப்பிடி மாட்ட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். முடிந்தால் அம்மாவையே கூட்டிப்போய் ஒருமுறை ஏறி உட்காரச் சொல்லுங்கள், அவருக்காகத்தானே வாங்குகிறீர்கள்.

தண்டையார்பேட்டை மணி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மச்சானிடம் சொல்லிவிட்டேன், கப்பல் பேச்சு முடிந்தது.

செல்வம் அண்ணா சொன்ன மாதிரி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். வண்டி வகை ஆம்னி பஸ், தனியார் பயன்பாடு, 12 சீட் என்று வருகிறது. உள்ளே போட்டோவில் 4 சீட்டும் ஒரு கட்டிலும்தான். விற்பவரிடம் கேட்டால், சென்னையில் எங்களுக்கு ஆள் இருக்கிறார், 40,000 ரூபாய் கொடுத்தால் பார்த்துக்கொள்வார் என்கிறார். டோக்கன் அட்வான்ஸ் 1 லட்சம் போட்டால் வேறு யாருக்கும் காட்ட மாட்டாராம். என்ன செய்யட்டும்? அப்புறம் என்னிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது, அது போதுமா?

வியாசர்பாடி செல்வம்:

ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதே தம்பி. ஆள் வைத்து இன்றைக்கு முடித்துவிட்டாலும் ஆர்.சி. ஒன்று, வண்டி ஒன்று என்றுதான் இருக்கப் போகிறது. நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது இதைத்தான்.

அவரிடம் இப்படிச் சொல். மாற்றத்தை உங்கள் பெயரில் இருக்கும்போதே உங்கள் ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யில் ஏற்றிக் கொடுங்கள், அதற்குப் பிறகு என்.ஓ.சி., அதற்குப் பிறகு பணம். எந்த பாடி பில்டர் (வண்டிக்கு மேல்கூடு கட்டும் கம்பெனி) கட்டியது, காரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரத்தின்படி அனுமதி வாங்கிய கம்பெனியா, பில் இருக்கிறதா என்று கேள். பில்லும் அனுமதியும் இருந்தால் அவருக்கு அது முடிகிற வேலை. சும்மா தச்சரை வைத்துக் கட்டியிருந்தால் முடியாது, அப்போது அந்த வண்டி உனக்கு வேண்டாம், 10 லட்சத்துக்கு இறங்கினாலும் வேண்டாம். கேம்பர் வேன் என்றே பதிவான வண்டி கொஞ்சம் விலை கூட இருக்கும், ஆனாலும் அதைத் தேடு. கோயம்புத்தூர், கொச்சி பக்கமும் கேட்டுப் பார்.

லைசென்ஸ் கவலை வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் என்றால் எல்.எம்.வி., அதாவது கார் லைசென்ஸே போதும், டிராவலர் வகை வண்டிகள் அதற்குள்தான் வரும். ஆர்.சி.யில் மொத்த எடை போட்டிருக்கும், பார்த்துக்கொள்.

பாரிமுனை ரவி:

நிறுத்த இடம் பார்த்தாயிற்றா மணி? உங்கள் பக்கத்துத் தெருவில் இந்த நீளத்துக்கு வண்டி திரும்பாது, திருவொற்றியூர் நெடுஞ்சாலையோரம் விட்டால் கண்டெய்னர் லாரி ஒன்று உரசிவிட்டுப் போகும். கடல் காற்றில் அடிச்சட்டம் வேறு சீக்கிரம் துருப்பிடிக்கும். மணலி, மாதவரம் பக்கம் லாரி யார்டுகளில் மாத வாடகைக்கு விடுகிறார்கள், கூரை உள்ள இடமாகக் கேளுங்கள். ஏ.சி.யோடு சேர்த்து உயரத்தை அளந்து ஓட்டுநர் கண்ணில் படுகிற இடத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள், நம் பக்கம் ரயில்வே சுரங்கப்பாதைகள் அதிகம். எந்த வண்டி வாங்கினாலும் பெங்களூர் ரோட்டில் வரும்போது ஊருக்குள் நுழையாமல் நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் நேராக மீஞ்சூர் பக்கம் வந்துவிடலாம்.

தண்டையார்பேட்டை மணி:

விற்பவரிடம் பில்லும் பாடி பில்டர் பேரும் கேட்டேன். பில் தொலைந்துவிட்டது என்கிறார், அட்வான்ஸ் போடாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். கொடுக்கட்டும். கோயம்புத்தூரில் கேம்பர் வேன் என்றே பதிவான ஒன்று 16 லட்சத்துக்கு இருக்கிறது, அது தமிழ்நாட்டு நம்பர், என்.ஓ.சி. அலைச்சலும் இல்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கப் போகிறேன். தேவி அக்கா, அந்த அலாரத்தைப் படுக்கை உயரத்தில் மாட்டுவதா, கூரையிலா?

எர்ணாவூர் தேவி:

படுத்தால் தலை வருகிற உயரத்தில், படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள். கூடவே வருகிற தாளில் எத்தனை அடி தள்ளி என்று போட்டிருக்கும், அதன்படி செய்யுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிடுங்கள்.