32 நொடியில் கட்டாகும் இன்டர்நெட் கால்: யாராவது வழி சொல்லுங்களேன்

மழைத்துளி:

வணக்கம். அம்மா வேறு நாட்டில் தனியாக இருக்கிறார். அவரிடம் லேண்ட்லைன் மட்டும்தான் இருக்கிறது. ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம், கண் சரியாகத் தெரியாததால் பழகவில்லை. முன்பு ஸ்கைப்பில் பணம் போட்டு லேண்ட்லைனுக்குப் பேசுவேன். 2025 மே மாதம் அது மூடப்பட்ட பிறகு ஒரு எஸ்ஐபி (இன்டர்நெட் வழியாகத் தொலைபேசிக் கால் பேசும் முறை) சேவையில் அக்கவுண்ட் எடுத்து, ஆண்ட்ராய்டு போனில் ஒரு எஸ்ஐபி ஆப் போட்டு அதிலிருந்து கூப்பிடுகிறேன். சிம்மிலிருந்து நேராக வெளிநாட்டுக்குக் கூப்பிடுவதைவிடக் கட்டணம் எவ்வளவோ குறைவு, அதனால் இதை விட மனமில்லை.

பிரச்சினை என்னவென்றால், வீட்டு வைஃபையில் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, அம்மா எடுக்கிறார், இரண்டு பக்கமும் குரல் தெளிவாக இருக்கிறது, அரை நிமிடம் ஆனதும் கட். மறுபடி கூப்பிட்டாலும் அதேதான். தான் ஏதோ தப்பாக அழுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு அம்மா ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்கிறார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மொபைல் டேட்டாவில் கட் ஆவதில்லை, ஆனால் என் குரல் அவருக்கு வெட்டி வெட்டிக் கேட்கிறதாம். அவர் குரல் எனக்கு நன்றாகவே கேட்கிறது. இதற்கு நடுவில் பேலன்ஸ் வேறு நான் கணக்குப் போட்டதைவிட வேகமாகக் கரைகிறது. ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன், வேறு போனிலும் பார்த்தேன், ஸ்பீடு டெஸ்டில் 40 எம்பிபிஎஸ் வருகிறது. சேவைக்காரர்களுக்கு எழுதினால் "உங்கள் இன்டர்நெட்டைச் சரிபாருங்கள்" என்று ஒரே வரியில் பதில் வருகிறது. என்ன செய்யலாம்?

தும்பி:

இவ்வளவு சிரமம் எதற்கு, வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் செலவே இல்லையே?

மழைத்துளி:

வாட்ஸ்அப் கால் பேச இரண்டு பக்கமும் அந்த ஆப் இருக்க வேண்டும் அல்லவா, அம்மா பக்கம் இருப்பது சாதாரண லேண்ட்லைன். அதற்கு மணி அடிக்க வைக்க வேண்டுமென்றால் இன்டர்நெட்டிலிருந்து தொலைபேசி நெட்வொர்க்குக்குள் நுழைய நடுவில் ஒரு சேவை தேவைப்படுகிறது, நான் பணம் கட்டுவது அந்தப் பகுதிக்குத்தான்.

கலங்கரை:

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அம்மா "ஹலோ" சொன்ன நொடியிலிருந்து எத்தனையாவது நொடியில் கட் ஆகிறது என்று ஐந்தாறு காலுக்கு எழுதி வையுங்கள். ஆப்பின் கால் ஹிஸ்டரியிலேயே அது இருக்கும். தோராயமாக "அரை நிமிடம்" என்று சொன்னால் போதாது, சரியான எண் வேண்டும். நெட் மோசமாக இருந்தால் ஒரு நாள் 10 நொடியில் போகும், ஒரு நாள் 4 நிமிடத்தில் போகும். ஒவ்வொரு முறையும் ஒரே நொடியில் கட் ஆகிறதென்றால் எங்கோ ஒரு டைமர் ஓடி முடிந்து காலைத் துண்டிக்கிறது என்று அர்த்தம்.

மழைத்துளி:

பார்த்தேன். 32, 32, 31, 32, 33, 32. எனக்கே வியப்பாக இருக்கிறது.

கலங்கரை:

அப்படியானால் உங்கள் இன்டர்நெட்டிலும் அம்மாவின் போனிலும் எந்தக் குறையும் இல்லை. அம்மாவிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

எஸ்ஐபி காலில் இரண்டு தனித்தனிப் போக்குவரத்து இருக்கிறது. "கூப்பிடு, மணி அடி, எடுத்தாச்சு, வை" என்ற பேச்சுவார்த்தை ஒரு வழியில் போகும், அதுதான் எஸ்ஐபி, வழக்கமாக 5060 என்ற போர்ட்டில் (சர்வரின் வாசல் எண் மாதிரி). உங்கள் குரல் ஆர்டிபி என்ற வேறு வழியில் போகும். குரல் தெளிவாக இருந்தும் கால் கட் ஆவதற்குக் காரணம் இதுதான், குரல் போகும் பாதை நன்றாக இருக்கிறது, பேச்சுவார்த்தைப் பாதையில் ஏதோ ஒரு செய்தி தொலைந்துபோகிறது.

தொலைவது எது என்பதையும் அந்த 32 சொல்லிவிடுகிறது. அம்மா போனை எடுத்ததும் சர்வர் உங்கள் ஆப்புக்கு "200 ஓகே" என்று சொல்லும். அதற்கு ஆப் "கிடைத்தது" என்று ஓர் ஏசிகே அனுப்ப வேண்டும். ஏசிகே வரவில்லை என்றால் சர்வர் அந்த 200 ஓகேவைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும், முதலில் அரை நொடி கழித்து, அப்புறம் ஒரு நொடி, இரண்டு நொடி, பிறகு 4 நொடிக்கு ஒரு முறை. எஸ்ஐபி விதிப்படி அடிப்படைக் காலம் 500 மில்லிநொடி, அதில் 64 மடங்கு வரை காத்திருக்கலாம். பெருக்கினால் 32 நொடி. அதற்குள்ளும் பதில் வரவில்லை என்றால் மறுமுனையில் யாரும் இல்லை என்று முடிவு கட்டி சர்வர் காலை முடித்துவிடும். 2002-இல் வெளிவந்த எஸ்ஐபி தரநிலையிலேயே (ஆர்எஃப்சி 3261) இது எழுதப்பட்டிருக்கிறது, அதனால்தான் எந்தச் சேவையாக இருந்தாலும் இதே எண் வருகிறது.

ஏசிகே ஏன் போய்ச் சேரவில்லை? மொபைல் டேட்டாவில் கட் ஆவதில்லை என்கிறீர்கள், ஆகவே சந்தேகம் வீட்டு ரவுட்டர் மேல்தான். பல ரவுட்டர்களில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒன்று தானாகவே ஆன் செய்யப்பட்டு வருகிறது. வீட்டுக்குள் உங்கள் போனுக்கு இருப்பது 192.168 என்று தொடங்கும் உள்முகவரி, அதற்கு வெளியிலிருந்து யாரும் எதுவும் அனுப்ப முடியாது. அதனால் எஸ்ஐபி செய்திக்குள் எழுதியிருக்கும் முகவரியைத் திருத்தி உதவலாம் என்ற நல்ல எண்ணத்தில் உருவாக்கியதுதான் இந்த ஏஎல்ஜி. ஆனால் பல ரவுட்டர்களில் அது அரைகுறையாகத் திருத்திவைக்கிறது, அப்புறம் ஏசிகே எங்கே போக வேண்டும் என்பதே குழம்பிவிடுகிறது. இன்றைய எஸ்ஐபி ஆப்களும் சர்வர்களும் இந்த முகவரிச் சிக்கலைத் தாங்களே பார்த்துக்கொள்ளும், ரவுட்டரின் உதவி தேவையே இல்லை.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய் எஸ்ஐபி ஏஎல்ஜி இருக்கிறதா பாருங்கள். ஃபயர்வால், நேட், அட்வான்ஸ்டு இவற்றில் ஏதாவது ஒன்றின் கீழ் இருக்கும். அணைத்துவிட்டு ரவுட்டரையும் ஒரு முறை அணைத்துப் போடுங்கள், பழைய இணைப்புகளை அது நினைவில் வைத்திருக்கும்.

நூல்வேலி:

பேலன்ஸ் விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், நானும் இதில் பணம் இழந்தவன். இரண்டு இடங்களில் பாருங்கள். ஒன்று, கட்டணம் எத்தனை நொடிக்கு ஒரு முறை கணக்கிடப்படுகிறது என்பது. 60 நொடிக் கணக்கு என்றால் 32 நொடிப் பேச்சுக்கும் முழு நிமிடத்துக்கான பணம் போகும். ஐந்து முறை கட் ஆகி ஐந்து முறை கூப்பிட்டால் இரண்டே முக்கால் நிமிடம்கூடப் பேசாமல் ஐந்து நிமிடப் பணம் கட்டியிருப்பீர்கள். சில சேவைகளில் கால் இணைந்ததும் ஒரு தொகையைத் தனியாக எடுப்பார்கள், அப்படி இருந்தால் இன்னும் மோசம். இன்னொன்று, ஒரே நாட்டுக்குள்ளேயே லேண்ட்லைனுக்கு ஒரு விலை, மொபைலுக்கு ஒரு விலை. முகப்பில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் லேண்ட்லைன் விலை. உங்களுக்கு லேண்ட்லைன்தான் என்பதால் அது சாதகம், ஆனால் அம்மாவின் பக்கத்து வீட்டு மொபைலுக்குக் கூப்பிடும்போது விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

சேவையின் தளத்தில் கால் வாரியாகக் கணக்கு இருக்கும். அதை எடுத்து ஆப்பில் காட்டும் நேரத்தோடு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

மழைத்துளி:

60 நொடிக் கணக்குதான். இப்போது புரிகிறது, நன்றி.

கலங்கரை அண்ணா, ரவுட்டரில் எல்லாப் பக்கமும் தேடிவிட்டேன், ஏஎல்ஜி என்று எதுவுமே இல்லை. இன்டர்நெட் கொடுத்தவர்கள் வைத்த ரவுட்டர், பாதி மெனுவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

கலங்கரை:

பரவாயில்லை, அணைக்க முடியாவிட்டால் அதன் கண்ணை மறைத்துவிடலாம். ஆப்பில் உங்கள் அக்கவுண்ட் செட்டிங்ஸில் டிரான்ஸ்போர்ட் (செய்தி எந்த முறையில் போக வேண்டும் என்பது) என்று ஒன்று இருக்கும், இப்போது யூடிபி என்று இருக்கும் பாருங்கள். அதை டிஎல்எஸ் என்று மாற்றி, போர்ட்டை 5061 என்று போடுங்கள். செய்தி மறையாக்கம் ஆகிவிடுவதால் ரவுட்டரால் உள்ளே படிக்கவே முடியாது, படிக்க முடியாததைத் திருத்தவும் முடியாது. உங்கள் சேவை டிஎல்எஸ் தருகிறதா, போர்ட் எண் அதுதானா என்று அவர்கள் உதவிப் பக்கத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். டிஎல்எஸ் இல்லையென்றால் டிசிபி போட்டுப் பாருங்கள், யூடிபியை மட்டும் கவனிக்கும் ஏஎல்ஜிகளும் உண்டு.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். டிஎல்எஸ் பேச்சுவார்த்தையை மட்டும்தான் மறைக்கும். குரலையும் மறைக்க எஸ்ஆர்டிபி என்று தனியாக இருக்கிறது, அதைச் சேவையும் ஆதரிக்க வேண்டும். அப்படியும் லேண்ட்லைன் நெட்வொர்க்குக்குள் நுழைந்த பிறகு அது சாதாரண போன் கால்தான்.

வெள்ளிமீன்:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு வெளியே போகும் கால் எல்லாம் சரியாக இருக்கிறது, உள்ளே வரும் கால்தான் பிரச்சினை. திரை அணைந்து கொஞ்ச நேரம் ஆகிவிட்டால் மணியே அடிப்பதில்லை, போனைக் கையில் எடுத்ததும் தவறிய அழைப்பு என்று வருகிறது.

கலங்கரை:

உங்களுடையது ஆண்ட்ராய்டு என்றால் காரணம் பேட்டரி சேமிப்புதான். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், போன் சும்மா கிடந்தால் பின்னணி ஆப்களின் நெட் தொடர்பை சிஸ்டமே நிறுத்திவைக்கிறது. அந்த ஆப்பின் பேட்டரி செட்டிங்கில் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். அதைவிட நல்லது புஷ் அறிவிப்பு உள்ள ஆப், கால் வரும்போது அதுவே ஆப்பை எழுப்பிவிடும், பேட்டரியும் மிச்சமாகும். ஐபோன் என்றால் புஷ் உள்ள ஆப்பைத் தவிர வேறு எதிலும் உள்வரும் காலை நம்ப வேண்டாம்.

கார்த்திகைப்பூ:

எல்லோரும் செட்டிங்ஸைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் வேறொன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். எஸ்ஐபி பாஸ்வேர்டைச் சின்னதாக வைக்காதீர்கள். என் அக்கவுண்டை யாரோ உடைத்து, நான் தூங்கிக்கொண்டிருந்த இரவில், பெயர்கூடக் கேள்விப்படாத நாடுகளுக்குக் கூப்பிட்டு இருந்ததையெல்லாம் காலி செய்துவிட்டார்கள். எஸ்ஐபி அக்கவுண்டுகளைத் தேடி இன்டர்நெட் முழுக்கத் தானியங்கி நிரல்கள் அலைந்துகொண்டே இருக்கின்றன. நீளமான பாஸ்வேர்டு வையுங்கள், தானாக ரீசார்ஜ் ஆகும் வசதியை அணையுங்கள், நீங்கள் கூப்பிடும் நாட்டைத் தவிர மற்றவற்றைத் தடுக்கும் வசதி இருந்தால் போடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆம்புலன்ஸ், தீயணைப்பு போன்ற அவசர எண்களுக்கு இந்த ஆப்பை நம்பாதீர்கள். பல சேவைகளில் அந்தக் கால் போகவே போகாது, போனாலும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். அதற்கு சிம் போன்தான்.

மழைத்துளி:

நல்ல சேதி! டிஎல்எஸ், 5061 போட்டேன். முதலில் ரிஜிஸ்டர் ஆகவில்லை, சர்வர் பெயருக்குப் பின்னால் பழைய 5060 ஒட்டிக்கொண்டிருந்தது, அதை நீக்கியதும் பச்சை வந்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டேன். 30 தாண்டியது, 35 தாண்டியது, நான் பேசாமல் நொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா "என்னடா பேசாம இருக்க?" என்று கேட்டார். 47 நிமிடம் பேசினோம். அம்மா பேசி முடித்துத் தானாகவே போனை வைத்தார், எத்தனை மாதத்துக்குப் பிறகு!

மிச்சம் மொபைல் டேட்டாவில் குரல் வெட்டுவதுதான்.

கலங்கரை:

மிக மகிழ்ச்சி தம்பி. அம்மாவுக்கு உங்கள் குரல் வெட்டுகிறது, உங்களுக்கு அவர் குரல் சரி என்றால் உங்கள் போனிலிருந்து மேலே போகும் பாதையில்தான் நெரிசல். இரண்டு விஷயம் பாருங்கள்.

போட்டோ, வீடியோ எல்லாம் தானாகவே மேகச் சேமிப்புக்கு ஏறுகிறதா? டேட்டாவில் அது ஓடினால் குரல் பாக்கெட்டுகள் (குரலைத் துண்டு துண்டாக எடுத்துப் போகும் பொட்டலங்கள்) அதன் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். தாமதமாக வந்த குரல் பாக்கெட்டால் பயனில்லை, மறுமுனை அதைத் தூக்கிப் போட்டுவிடும், அதுதான் வெட்டாகக் கேட்கிறது. வைஃபைக்கு மட்டும் என்று மாற்றுங்கள்.

அடுத்தது கோடெக், அதாவது குரலை டேட்டாவாக மாற்றும் முறை. ஆப்பில் ஜி.711 முதலிடத்தில் இருக்கும் (பிசிஎம்யூ, பிசிஎம்ஏ என்றும் காட்டும்). குரல் மட்டும் 64 கேபிபிஎஸ், நொடிக்கு 50 பாக்கெட்டுகளின் தலைப்புகளையும் (ஒவ்வொன்றின் மேலும் ஒட்டும் முகவரித் தகவல்) சேர்த்தால் ஒரு திசைக்கு 80. ஜி.729 என்றால் குரல் 8, தலைப்போடு 24. டேட்டா கணக்கில் சொன்னால், இரு திசையும் சேர்த்து ஜி.711-க்கு நிமிடத்துக்கு 1.2 எம்பி, ஜி.729-க்கு 0.36 எம்பி. சிக்னல் பலவீனமான இடத்தில் இந்த வித்தியாசம் காதுக்கே தெரியும். ஓபஸ் இன்னும் நல்ல கோடெக், பாக்கெட் தொலைந்தாலும் சமாளிக்கும், ஆனால் லேண்ட்லைனுக்குப் போகும் சேவைகள் பலவற்றில் அது இருக்காது. இவற்றில் சேவை எதை ஏற்கிறதோ அதை, மொபைல் டேட்டாவில் பேசும்போது பட்டியலில் முதலிடத்தில் வையுங்கள், வைஃபைக்கு ஜி.711 இருக்கட்டும், அதில்தான் குரல் இயல்பாக இருக்கும். அம்மாவுக்குக் காது எப்படி? கொஞ்சம் மந்தம் என்றால் ஜி.729 குரல் அவருக்குச் சிரமமாக இருக்கலாம்.

மழைத்துளி:

காது நன்றாகக் கேட்கும், கண்தான். போட்டோ பேக்கப் டேட்டாவிலும் ஓடிக்கொண்டிருந்தது, அணைத்துவிட்டேன். ஜி.729-க்கு மாற்றி வெளியே நின்று 10 நிமிடம் பேசினேன், "பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு" என்றார். ஒரே ஒரு சந்தேகம், நான் பேசுவது எனக்கே எதிரொலியாகத் திரும்பக் கேட்கிறது, இது என் போன் கோளாறா?

நூல்வேலி:

உங்களுக்கு உங்கள் குரலே திரும்பி வந்தால் அது மறுமுனையிலிருந்து வருகிறது. அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறாரா என்று கேளுங்கள். ஆம் என்றால் ஒலியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது ரிசீவரைக் கையில் எடுத்துப் பேசட்டும்.

மழைத்துளி:

ஸ்பீக்கர்தான். பேசிக்கொண்டே பூ கட்டுகிறாராம், இரண்டு கையும் வேண்டுமாம். எதிரொலி இருந்துவிட்டுப் போகட்டும், ஒலியை மட்டும் ஒரு படி குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.