புதுப்பிப்பு: வலென்சியாவில் ஐந்தாவது மாதம்

ஸ்பெயினின் வலென்சியாவில், ருசாஃபா பகுதியில் ஒரு ஃபிளாட் கிடைக்கிறது, சென்னை டீமுக்கு வேலை பார்த்துக்கொண்டே அங்கே தங்கலாமா என்று நவம்பரில் இங்கே உங்களிடம் கேட்டிருந்தேன். எடுத்துவிட்டேன்.

"கடலோர ஊர், குளிரெல்லாம் இருக்காது" என்று எழுதியதும் நான்தான். வெளியே வெயிலில் உண்மைதான். வீட்டுக்குள் டைல்ஸ் தரை, ஹீட்டர் இல்லை. ஜனவரி முழுக்க இரண்டு ஜோடி சாக்ஸ், மடியில் போர்வை, அப்படித்தான் மீட்டிங். அதுவும் சென்னையின் காலை 10 மணி இங்கே 5.30! மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றியதும் 6.30 ஆனது. கொஞ்சம் நிம்மதி.

இந்த வீட்டில் வசிப்பதாக நகராட்சியில் முகவரி பதிய வீட்டுக்காரருக்குச் சம்மதம் உண்டா என்று முன்கூட்டியே எழுதி வாங்கச் சொன்னீர்கள். கேட்கவில்லை. வீட்டுக்காரர் ஆறு வாரம் இழுத்தடித்தார். இப்போது முடிந்தது.

அப்புறம் ஃபாயாஸ் திருவிழா. மார்ச் 1 முதல் 19 வரை தினமும் மதியம் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் 'மஸ்க்லெதா' வெடி. பட்டப்பகலில், சத்தத்துக்காகவே! முதல் நாள் கிளையன்ட்டோடு ஆன்லைன் மீட்டிங்கில் இருந்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மேசையில் காபி நடுங்கியது. எதிர்முனையில் ஒருவர், "தீபாவளியா?" என்றார். மறுநாளிலிருந்து மீட்டிங்கை 2.30க்குத் தள்ளிவிட்டு நானும் கூட்டத்தில் போய் நின்றேன்.

மாலையில் துரியா பூங்கா. 1957 வெள்ளத்துக்குப் பிறகு துரியா ஆற்றைத் திருப்பிவிட்டு, பழைய படுகையைத் தோட்டமாக்கியிருக்கிறார்கள். பாலங்களுக்கு அடியில் சைக்கிள் ஓட்டுகிறேன்.

ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. அடுத்த வீடு தேடுகிறேன், ஹீட்டரோடு.