இரீயா: ஒரு போர்த்துக்கீசியப் பெண் பெயரைச் சந்தித்த அனுபவங்கள்

லிஸ்பனிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளரான முதிய அம்மையாரின் பெயர் இரீயா. தெரிந்தவர்களில் பாதிப் பேர் மரியாவாக இருந்த ஊரில் இப்பெயர் புதிதாகப் பட்டதால் விசாரித்தேன். தாம் தொமார் நகரில், அக்டோபர் 20 அன்று பிறந்ததால், அந்நாளுக்குரிய புனிதையின் பெயரையே பெற்றோர் சூட்டிவிட்டனர் என்றார். அமைதி எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரான எய்ரேனே, லத்தீன் வழியாக வந்து இரீயா ஆயிற்று. இரு உயிரொலிகளுக்கு நடுவே நின்ற னகரத்தை உதிர்ப்பது போர்த்துக்கீசிய மொழியின் பழைய வழக்கம்; நிலவைக் குறித்த லூனா, லூவா ஆனதும் அப்படித்தான்.

புனிதையின் கதையையும் அவரே சொன்னார். ஏழாம் நூற்றாண்டில் அவ்வூரில் துறவு வாழ்க்கை வாழ்ந்த இரீயாவின் மீது ஒரு பிரபு குல இளைஞன் காதல் கொண்டான். அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த துறவியோ, தன் ஆசைக்கு அவள் இணங்காத ஆத்திரத்தில், வயிறு வீங்கச் செய்யும் மருந்தைக் கொடுத்துவிட, அவள் கருவுற்றதாக நம்பிய அந்த இளைஞன் ஆளை ஏவி அவளைக் கொல்வித்தான். நபாவு ஆற்றில் வீசப்பட்ட உடல், செசெரே வழியாகத் தேஜோ ஆற்றை அடைந்து, ஸ்கலாபிஸ் என்னும் ஊரருகே கரை சேர்ந்ததாம். அந்த ஊர்தான் இன்றைய சாந்தரேம். கதையின் விவரங்கள் பிற்காலத்தவை என்பது என் எண்ணம்.

சாந்தரேமில் பணிபுரிந்த உறுப்பினர்:

ஊரின் பெயரே "புனித இரேனே" என்பதன் திரிபுதான். அரபியர் ஆட்சியில் அது ஷந்தரீன் எனப்பட்டது. 1147-இல் அஃபோன்சு என்ரிக்கெஸ் மன்னர் அதைக் கைப்பற்றினார். பெண்ணின் பெயர் இழந்த னகரம், ஊர்ப்பெயரின் இறுதியில் மூக்கொலியாக இன்றும் ஒலிப்பது எனக்கு வியப்பளித்தது. ஆற்றங்கரையில் நிற்கும் புனிதையின் நினைவுத்தூணையும் பார்த்திருக்கிறேன்.

போர்த்துக்கலின் பாத்திமா திருத்தலத்துக்குச் சென்றுவந்த உறுப்பினர்:

1917-இல் மூன்று சிறார்களுக்கு அன்னை மரியா காட்சியளித்ததாகச் சொல்லப்படும் இடத்தின் பெயர் கோவா தா இரீயா, அதாவது இரீயாவின் பள்ளம். சிறுவயது முதல் மறைக்கல்வி வகுப்பில் கேட்டுப் பழகிய அப்பெயருக்குள் ஒரு பெண் பெயர் இருப்பதை அங்கே போன பிறகே அறிந்தேன்.

கலீசியாவில் படிக்கும் உறுப்பினர்:

எல்லைக்கு வடக்கே, ஸ்பெயினின் கலீசியாவில், என் வகுப்பிலும் ஓர் இரீயா உண்டு. அவளிடம் இக்கதையைச் சொன்னபோது, பத்ரோன் அருகிலுள்ள இரீயா ஃபிளாவியா என்னும் பழம்பெரும் ஊரின் பெயரே தனக்கு இடப்பட்டது என்று உறுதியாகக் கூறினாள். ரோமானியருக்கும் முந்தைய அவ்வூர்ப்பெயருக்குக் கிரேக்கத்தோடு தொடர்பில்லை.